சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: நேரே பறப்பதா, கொழும்பு சுற்றுவதா, கப்பல் ஏறுவதா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னைக்குக் கீழே அளவுகோலை வைத்து நேராகத் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது யாழ்ப்பாணத்தில் போய் முட்டும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில்தான் இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு வான்வழி நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். சென்னைக்கும் மதுரைக்கும் இடையில் அதே நேர்க்கோடு 420-ஐ ஒட்டி வரும். அதாவது மதுரையைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, நடுவில் கடலும் ஒரு நாட்டு எல்லையும் இருப்பதால் மனசுக்குள் அது எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. அதனால்தான் இன்றைக்கும் “யாழ்ப்பாணம் போகணும், கொழும்புக்கு டிக்கெட் போட்டுட்டேன்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போட்டது தப்பா சரியா என்பது அவர்கள் எதற்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம், அதாவது கட்டுநாயக்க, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்கும் மேல். ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள்: யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி, கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி. தூரம் இவ்வளவு வித்தியாசப்படும்போது நேரத்தில் கால் மணி நேரம்தான் வித்தியாசம். ஏன்? இரண்டு காரணம்.

ஒன்று, விமானம் வேறு. கொழும்புக்குப் போவது ஏர்பஸ் 320 மாதிரி ஜெட், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய காற்றாடி வைத்த எழுபது எண்பது பேர் ஏறும் விமானம், அதன் வேகம் மணிக்கு 500 சொச்சம்தான். இரண்டாவது, டிக்கெட்டில் இருக்கிற நேரம் முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை. விமானம் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, ஏறி, பறந்து, இறங்கி, போய் நிற்கும் வரை எல்லாம் அதில் சேரும். இந்த ஊர்வதும் நிற்பதும் 350 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான் 650 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான். கணக்குப் போட்டால் ஏடிஆர் 355 கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும், ஜெட் 645-ஐ ஐம்பது நிமிடத்தில். மிச்சமெல்லாம் தரையிலும் ஏறி இறங்குவதிலும் கழிவது. குறுகிய பயணங்களில் “எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் பறக்கணும்” என்ற கேள்வியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேர வேண்டிய வீட்டில் செருப்பைக் கழற்றும் வரை எவ்வளவு ஆகிறது, அதைப் பாருங்கள்.

பலாலிக்கு ஏன் பெரிய விமானம் விடுவதில்லை என்று கேட்பார்கள். ஓடுபாதை சின்னது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்த பிறகு, 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது அது போன வழியே கொழும்பை ஒட்டிய ரத்மலானை, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை, சென்னை என்பதுதான். நம்மில் பலர் இந்தச் சேவையை ஏதோ புதுசு என்று நினைக்கிறோம், உண்மையில் இலங்கையின் சொந்த விமான நிறுவனமே இந்தத் தடத்தில்தான் பறக்கத் தொடங்கியது! அப்புறம் உள்நாட்டுப் போரில் எல்லாம் நின்றது, பலாலி முழுக்க ராணுவத்தின் கையில் இருந்தது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள், அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது, நாலே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் திரும்ப ஆரம்பித்தார்கள். 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் வந்தது. இவ்வளவு கதையையும் சொல்லக் காரணம் இருக்கிறது: இந்தத் தடம் அடிக்கடி நின்று நின்று ஓடியிருக்கிறது, ஆகவே நேர அட்டவணையை ஒரு வருஷத்துக்கு முன் யாரோ சொன்னதை நம்பாமல் டிக்கெட் எடுக்கிற அன்று பாருங்கள்.

சரி, நேர் விமானத்தில் போனால் ஒரு நாள் எப்படிக் கழியும்? தி.நகரில் வீடு என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோவோ ஆட்டோவோ, விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள், இரண்டரை மணி நேரம் என்றாலும் சமாளிக்கலாம், அதற்கும் குறைத்து விளையாட வேண்டாம், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற கூட்டம் குடிவரவு வரிசையில் நிற்கும். பறப்பது ஒன்றேகால். பலாலியில் இறங்கினால் வரிசை சின்னது, ஒரு ஏடிஆர் கூட்டம்தானே, பெட்டி வர அரை மணி நேரம் முக்கால் மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணம் டவுன் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம், வேன் பிடித்தால் நாற்பது நிமிடம். மொத்தம் ஆறிலிருந்து ஆறரை மணி நேரம். காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பியவர் பொழுது சாய்வதற்குள் நல்லூரில் இருக்கலாம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு நாட்டிலும் ஒரே நேரம்தான், டிக்கெட்டில் உள்ளதை நேரே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கிடைத்தால் போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். ஏடிஆர் ரொம்ப உயரத்துக்கு ஏறாது, வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரியிலிருந்து கோடியக்கரை வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க அந்தப் பக்கம் தெரியும். இரைச்சல் ஜெட்டைவிடக் கூடுதல், மேகத்தில் கொஞ்சம் தூக்கிப் போடும், பயப்பட ஒன்றுமில்லை.

இனி கொழும்பு வழி. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரு நாளைக்குப் பல விமானம், விடியலில் ஒன்று நடுராத்திரியில் ஒன்று என்று நம் வசதிக்கு எடுக்கலாம். வீட்டிலிருந்து கட்டுநாயக்கவில் வெளியே வருவது வரை ஆறு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள். நேர் விமானத்தில் போனவர் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் நீங்கள் கட்டுநாயக்க வாசலில் நிற்கிறீர்கள், இன்னும் 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழிப் பயணம் பாக்கி. பஸ்ஸோ வேனோ ஏழு எட்டு மணி நேரம். ஆக மொத்தம் பதினான்கு மணி நேரத்தைத் தொடும்.

இதில் புதுசாகப் போகிறவர்கள் செய்கிற ஒரு வீண் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையம் கொழும்பு நகரத்தில் இல்லை, முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நீர்கொழும்பை ஒட்டி இருக்கிறது. யாழ்ப்பாணமும் வடக்கே. அப்படியிருக்க, பஸ் பிடிப்பதற்காகத் தெற்கே கொழும்புக்குள் போய் நெரிசலில் சிக்கி, வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, அந்த பஸ் திரும்பவும் வடக்கே வந்து நீர்கொழும்பு வழியாகவே சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று போவதை நினைத்துப் பாருங்கள். பல சொகுசு பஸ்காரர்கள் முன்பதிவு செய்தால் நீர்கொழும்புப் பக்கம் வழியிலேயே ஏற்றிக்கொள்வார்கள், எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம். ரயிலும் இதே மாதிரிதான். கொழும்புக் கோட்டையில்தான் ஏற வேண்டும் என்றில்லை, யாழ்ப்பாணம் வண்டிகள் பொல்காவலை, குருநாகல் வழியாகத்தான் வடக்கே போகின்றன. யாழ்தேவி ரயில் 1956-இல் ஓட ஆரம்பித்து, போரில் நின்று, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த பயணம் அது, வவுனியா தாண்டியதும் நிலமும் பெயர்ப்பலகையும் பேச்சும் மாறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் வடக்குப் பாதையில் பராமரிப்பு வேலை, மழைச் சேதம் என்று மாதக்கணக்கில் பாதி வழியோடு வண்டியை நிறுத்திய காலங்கள் உண்டு, அதனால் ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்படியானால் கொழும்பு வழி எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது, அதுவும் சின்னக் காரணம் இல்லை. பலாலிக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானம்தான். அது ரத்தானால் மறுநாள், சில சமயம் அதற்கும் மறுநாள். கொழும்புக்கு ஒன்று போனால் நாலு மணி நேரத்தில் இன்னொன்று, வேறு நிறுவனத்தில். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு முகூர்த்தம், நீங்கள் பெண்ணின் தாய்மாமன் என்றால் வியாழக்கிழமை பலாலி விமானத்தை நம்புவது சரியில்லை. ஒன்று புதன்கிழமையே நேர் விமானத்தில் போய்விடுங்கள், அல்லது கொழும்பு வழியாகப் போங்கள். என் கட்சி முதலாவது. ஒரு நாள் முன்னால் போனால் கல்யாண வீட்டில் கூடுதலாக ஒரு நாள் இருக்கலாம், பதினான்கு மணி நேரம் குலுங்கிப் போய் மணவறைக்கு முன்னால் தூங்கி விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இழவு என்றால் கணக்கு வேறு. அங்கே நாளைத் தள்ள முடியாது. செய்தி வந்த நேரத்துக்கு எது முதலில் கிளம்புகிறதோ அதுதான் விமானம். காலையில் சேதி வந்து மதியப் பலாலி விமானத்தில் இடம் இருந்தால் அது. சாயங்காலம் வந்தால் மறுநாள் மதியம் வரை காத்திருப்பதைவிட ராத்திரி கொழும்பு விமானம் பிடித்து, கட்டுநாயக்கவிலேயே வேன் எடுத்து ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். இரவில் அந்த ரோட்டில் லாரியும் பஸ்ஸும் விரட்டிக்கொண்டு வரும், ஓட்டுபவர் தூங்காமல் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு ஓட்டுநர் கேளுங்கள்.

பெட்டி விஷயம். சின்ன விமானம், சின்ன ஓடுபாதை என்றால் எவ்வளவு எடையோடு கிளம்பலாம் என்பதில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். மேலே பை வைக்கும் இடமும் ஏடிஆரில் குறுகல், ஜெட்டில் உள்ளே போகும் சக்கரப் பெட்டி இங்கே போகாது. பட்டுப்புடவை, பாத்திரம், பலகாரம் என்று நாலு பெட்டி கட்டுகிறவர்கள் கொழும்பு விமானத்தின் எடை வரம்பையும் பலாலி விமானத்தின் எடை வரம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது. கூடுதல் எடைக்குக் கட்டும் காசில் டிக்கெட்டில் கிடைத்த லாபம் போய்விடும். கட்டணத்தைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்ல மாட்டேன், அது நாளுக்கு ஒரு விலை, ஆனால் கொழும்பு டிக்கெட் மலிவாகத் தெரியும்போது அதோடு வேன் வாடகையைக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஆள் பஸ்ஸில் போனால் மலிவு நிலைக்கும், குடும்பமாக வேன் எடுத்தால் பெரும்பாலும் நிலைக்காது. நல்லூர்த் திருவிழா ஆடி ஆவணியில் இருபத்தைந்து நாள் நடக்கும்போது பலாலி இடங்கள் வேகமாகத் தீரும், அந்தச் சமயத்தில் மட்டும் கொழும்பு வழி உண்மையாகவே மலிவாக வரலாம்.

கப்பலை மறந்துவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள், ஒரு வாரத்துக்குள் கடல் கொந்தளிப்பில் நின்றது, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நூற்றைம்பது பேர் போகலாம். ஒரு காலத்தில் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து போட் மெயிலில் தனுஷ்கோடி போய், கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போன சனம் நாம், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1980-களில் நின்றது. அந்த ஞாபகம் உள்ளவர்களுக்குக் கப்பல் என்றாலே ஒரு இழுப்பு. எனக்கும் உண்டு.

ஆனால் சென்னைக்காரருக்கு இது சரிப்படுமா? நாகப்பட்டினம் போகவே 300 கிலோமீட்டர். முதல்நாள் இரவு காரைக்கால் ரயிலோ பஸ்ஸோ ஏறி, விடியுமுன் இறங்கி, துறைமுகத்தில் சுங்கம் குடிவரவு முடித்து, கப்பல் ஏறி, மதியவாக்கில் காங்கேசன்துறை, அங்கிருந்து டவுன் இருபது கிலோமீட்டர். பதினைந்து பதினாறு மணி நேரம், ஒரு ராத்திரித் தூக்கமும் போச்சு. கொழும்பு வழியைவிடவும் இழுக்கும். அதோடு வடகிழக்குப் பருவமழை வந்தால், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், கப்பலை நம்பவே முடியாது, மாதக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் வாரத்தில் எல்லா நாளும் ஓடாது. வேடிக்கைக்குப் போகிறவர், அவசரமில்லாதவர், வயிறு கடலைத் தாங்கும் என்பவர் ஒரு தடவை போகலாம். நாகை, வேளாங்கண்ணி, திருவாரூர், காரைக்கால்காரர்களுக்கோ இது முதல் தெரிவு, வீட்டிலிருந்து எட்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள், அவர்கள் எதற்குச் சென்னை வந்து விமானம் ஏற வேண்டும்?

தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி ஆட்களுக்கு 2025 மார்ச் கடைசியிலிருந்து இன்னொரு வழி திறந்தது, திருச்சி யாழ்ப்பாணம் நேர் விமானம். நேர்க்கோட்டில் 185 கிலோமீட்டர்தான், ஏறியதும் இறங்க வேண்டியதுதான். மதுரைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் உண்டு, தூரம் சுமார் 355, சென்னை யாழ்ப்பாணம் எவ்வளவோ அதேதான்! ஊரிலேயே ஏறிவிடலாம் என்ற ஆசையில் அதை எடுத்தால் அந்தப் பக்கம் எட்டு மணி நேர ரோடு காத்திருக்கிறது. இரண்டரை மணி நேரம் காரில் திருச்சி போய் ஏறுவது மேல். கொழும்பில் வேலை இருந்தால் மட்டும் மதுரையிலேயே ஏறுங்கள்.

லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களும் இப்போது சென்னை வழியை யோசிக்கிறார்கள். லண்டன் கொழும்பு நேர் விமானம் பத்தரை பதினொரு மணி நேரம், லண்டன் சென்னை அதைவிடச் சற்றுக் குறைவு. சென்னையில் மாறி பலாலி போனால் அந்த இரவு பஸ்ஸைத் தவிர்க்கலாம், வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரே ஒரு சிக்கல்: இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்தியாவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். அதோடு முதல் விமானம் தாமதமாகி பலாலி விமானம் போய்விட்டால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். சென்னையில் ஒரு நாள் தங்கி, கடைத்தெருவை முடித்துக்கொண்டு மறுநாள் ஏறுகிறவர்களுக்கே இது ஒத்துவரும். கப்பலில் வர நினைக்கிற வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் தங்கள் இ-விசா நாகப்பட்டினத்தில் செல்லுமா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டாம், எல்லாத் துறைமுகத்திலும் அது செல்லாது.

சுற்றுலாவுக்குப் போகிற சென்னைக்காரருக்கு நான் சொல்வது இரண்டையும் கலப்பது. போகும்போது நேரே பலாலி, வரும்போது கொழும்பு. யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு அப்படியே அனுராதபுரம், சிகிரியா, கண்டி என்று இறங்கிக்கொண்டே வந்தால் அந்த 350 கிலோமீட்டர் சுமை போய் அதுவே பயணமாகிவிடும். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் இந்தத் தடத்தில் விலை பெரிதாக ஏறாது. திருப்பிச் செய்யவும் செய்யலாம், ஆனால் கடைசி நாளைப் பலாலியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை ஆபீஸ் என்று இருக்காதீர்கள், அதுவும் கார்த்திகை மழையில்.